வீட்டு நாய்க்கு வரும் மலச்சிக்கலும் அதையொட்டிய வயிற்றுக் கோளாறுகளும்

நலமாக இருக்கும் வளர்ந்த நாய் நாளுக்கு ஒன்று முதல் மூன்று முறை மலம் கழிக்கும். குட்டிகள் ஒவ்வொரு வேளை தின்ற பின்னும் கழிப்பதுண்டு. நல்ல மலம் கட்டியாகத் திரண்டிருக்கும். மேலே லேசான ஈரம் இருக்கும். அள்ளும்போது உதிராது, தரையில் பரவவும் செய்யாது. இந்த வழக்கம் மாறி மலம் உலர்ந்து இறுகிப்போவதும், கழிக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போவதும், நாய் வலியோடு முக்கிச் சிறு உருண்டைகளாக வெளியேற்றுவதும் மலச்சிக்கலின் அடையாளங்கள். ஒன்றுமே வராமல் எழுந்துவிடுவதும் அதில் அடங்கும்.

செரித்து மிஞ்சிய சக்கையிலிருந்து நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. சக்கை அங்கே தங்கும் நேரம் நீள நீள, நீர் மேலும் உறிஞ்சப்பட்டு மலம் கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்ட மலத்தைத் தள்ளும்போது வலிக்கிறது; வலிக்கு அஞ்சி நாய் அடக்குகிறது; அடக்கியதால் மலம் இன்னும் இறுகுகிறது. முதல் நாளிலேயே கவனித்தால் இந்தச் சுழலைத் தண்ணீராலும் உணவாலும் நடையாலும் உடைத்துவிடலாம். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர விட்டால் குடற்சுவர் விரிந்து, சுருங்கித் தள்ளும் ஆற்றலையே இழக்கக்கூடும். ஆகவே நாயின் அன்றாட மலத்தைப் பார்த்துப் பழகுவதுதான் வளர்ப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை. எத்தனை முறை, எந்த நேரம், எப்படிப்பட்ட மலம் என்பது தெரிந்த வீட்டில் நோய் ஒளிந்திருக்க முடியாது.

முக்குவதெல்லாம் மலச்சிக்கல் ஆகாது

நாய் உட்கார்ந்து முக்குவதைக் கண்டதும் மலச்சிக்கல் என்று முடிவுகட்டி மருந்து கொடுப்பதே அடிக்கடி நேரும் பிழை. அதே தோற்றம் வேறு சில நிலைகளிலும் உண்டு.

பெருங்குடல் அழற்சியில் நாய் ஒரு மணி நேரத்தில் பலமுறை உட்காரும். ஒவ்வொரு முறையும் சளியோ, ஒரு துளி ரத்தமோ, கொஞ்சம் கூழான மலமோ மட்டும் வரும். இது கழிச்சலின் ஒரு வகை. இதற்குப் பேதி மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

சிறுநீர் அடைப்பு இன்னும் ஆபத்தானது. கல் அடைத்த ஆண் நாய் காலைத் தூக்கியபடியோ, குந்தியபடியோ நெடுநேரம் நிற்கும். சொட்டுச் சொட்டாகவே வரும், அல்லது ஒன்றும் வராது. மலம் வரவில்லை என்று தோன்றும்போதெல்லாம், சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிறுநீர் போகவில்லையென்றால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொமரேனியன், ஷிட்சு, லாசா ஆப்சோ போன்ற நீள்முடி நாய்களுக்கு ஆசனவாயைச் சுற்றிய முடியில் மலம் ஒட்டி, காய்ந்து, வெளிவழியையே மூடிவிடுவதுண்டு. வயல் ஓரங்களில் திரியும் நாய்க்கு ஒட்டுப்புல்லும் சேர்ந்து சிக்காகும். வாலைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும் இதற்கு மருந்து தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முனை மழுங்கிய கத்தரியால் முடியை வெட்டி, தோலைக் கழுவித் துடைத்தால் போதும். தோல் புண்ணாகியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு நாளாகத் தின்னாத நாய்க்கு மலம் வராதது இயல்பு. அங்கே தேட வேண்டிய காரணம், அது ஏன் தின்னவில்லை என்பதே.

எலும்பும் உணவும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கறியின் எலும்பும் கோழிக்கடையில் வாங்கும் கால், கழுத்து, தோலும் நாய்க்கு விருந்து. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து பெருங்குடலில் இறுகி, சாக்கட்டிபோல வெளுத்து உதிரும் மலமாகிறது. வெந்த எலும்பு கூர்மையான சில்லுகளாக உடையும்; அது மலக்குடலைக் கீறி ரத்தம் வரச் செய்யும், சில வேளை குடலையே துளைத்துவிடும். பச்சை எலும்பு அவ்வளவு எளிதில் சிதறாவிட்டாலும் அளவு மிஞ்சினால் அதுவும் மலத்தை இறுக்கும். எலும்பின் சுவையை நாய்க்குத் தர விரும்புவோர் அதை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, வடிகட்டிய சாற்றை மட்டும் சோற்றிலோ களியிலோ ஊற்றலாம். அப்போது தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகிறது.

கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. கிராமத்து நாய்கள் தலைமுறைகளாக ராகிக் களியில் வளர்ந்தவை. அரிசியைவிடக் கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம் என்பதால் களி தின்னும் நாய்க்குப் பொதுவாக மலம் எளிதாகவே போகும். ஆனால் நார் நீரை உறிஞ்சி உப்பினால்தான் மலத்தை மென்மையாக்கும். கெட்டியாகக் கிண்டிய களியை உருண்டையாக அப்படியே போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைக்காவிட்டால் அதே நார் மலத்தின் பருமனைக் கூட்டி அடைப்பை வளர்க்கும். களியைக் கறிச்சாறு விட்டுத் தளர்த்தி வைப்பது நல்லது. களி மட்டும் முழு உணவாகாது. முட்டை, கறி, மீன் இவற்றில் ஒன்று அதோடு சேர வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் நேர்வது இதற்கு எதிர்த்திசையானது. அங்கே நாய்க்குத் தயிர்சோறும் பிஸ்கட்டும், அல்லது பாக்கெட் உலர் தீனியும் மட்டுமே கிடைக்கின்றன. வெறும் அரிசிச் சோற்றில் நார் குறைவு. உலர் தீனியில் ஈரம் பத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால் மீதி நீரை நாய் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

தண்ணீரும் ஷிப்ட் வேலையும்

நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் வரை ஒரு நாளில் நீர் தேவை. 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். 30 கிலோ லாப்ரடாருக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல். இதில் ஒரு பகுதி உணவின் ஈரமாகவே வந்து சேரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் மார்கழி, தை மாதக் குளிரில் நாய் குறைவாகக் குடிக்கும். கிருஷ்ணகிரிச் சமவெளியில் சித்திரை வெயிலில் குடிக்கும் நீர் மூச்சிரைப்பிலேயே வற்றிவிடும். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரை உணவில் கலப்பதும், கோடையில் நிழலில் இரண்டு மூன்று இடங்களில் கிண்ணம் வைப்பதும் இரண்டு பருவத்துக்கும் தீர்வு.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிப்ட் நேரங்கள் நாயின் குடலையும் பாதிக்கின்றன. வீட்டுக்குள் கழிக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட நாய், ஆட்கள் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை பத்து, பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்கும். முதல் ஷிப்ட் ஒரு வாரம், இரவு ஷிப்ட் ஒரு வாரம் என்று மாறும்போது தீனி நேரமும் நடை நேரமும் சேர்ந்து மாறுகின்றன. தின்ற பின் அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. அந்த நேரத்தில் கதவு திறக்க வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் தீனி, உடனே கால் மணி நேர நடை, திரும்பியதும் மறுபடி நடை என்ற வரிசையை எந்த ஷிப்டிலும் மாற்றாமல் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். நீண்ட ஷிப்ட் நாட்களில் இடையே ஒருமுறை வெளியே கொண்டுபோக அக்கம்பக்கத்தாரிடம் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

உடலுக்குள் இருக்கும் காரணங்கள்

உணவும் நீரும் நடையும் சரியாக இருந்தும் சிக்கல் திரும்பத் திரும்ப வந்தால் உடலில் வேறு நோய் இருக்கிறது என்று பொருள்.

ஆசனவாயின் இருபுறமும், கடிகாரத்தின் நான்கு மணி, எட்டு மணி நிலைகளில் இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் நாற்றமுள்ள நீர் சுரக்கும். பை அடைத்து வீங்கினால் நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுக்கும், திரும்பித் திரும்பி நக்கும், வலியால் மலத்தை அடக்கும். சீழ் கட்டினால் தோலைக் கிழித்துக்கொண்டு உடையும்.

கருத்தடை செய்யாத ஆண் நாய்க்கு ஐந்தாறு வயதுக்கு மேல் புராஸ்டேட் சுரப்பி பெருப்பது மிகச் சாதாரணம். அது மலக்குடலைக் கீழிருந்து அழுத்துவதால் மலம் பட்டையாகத் தட்டி வரும். சிறுநீரில் ரத்தம் தெரியலாம். அதே வயதில் ஆசனவாயின் பக்கத்துத் தசை தளர்ந்து குடல் பிதுங்கும் இறக்கமும் ஆண் நாய்களுக்கு வருவதுண்டு. வாலுக்குக் கீழே ஒரு பக்கம் மெத்தென்று புடைத்திருக்கும். ஆண்மை நீக்கம் செய்தால் புராஸ்டேட் சில வாரங்களில் சுருங்கிவிடும். இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை 44 ஊர்களை ஊடறுத்துப் போகும் இந்தப் பகுதியில் வண்டியில் அடிபட்டுப் பிழைத்த நாய்கள் பல. உடைந்த இடுப்பெலும்பு கோணலாகக் கூடினால் மலம் போகும் பாதை குறுகிவிடும். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்குச் சிக்கல் ஓயாமல் இருந்தால் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். முதுகுத்தண்டு வலியுள்ள நாயும், மூட்டு தேய்ந்த கிழட்டு நாயும் குந்த முடியாமலேயே மலத்தை அடக்கும்.

தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், ரத்தத்தில் பொட்டாசியம் குறைதல், கால்சியம் மிகுதல் ஆகியவையும் குடல் அசைவை மந்தமாக்கும் அல்லது உடலை உலரவைக்கும். இரும்புச்சத்து மருந்து, அலுமினியம் கலந்த அமிலமுறிவு மருந்து, சில வலிநீக்கிகள் இவையும் மலத்தைக் கட்டும். வேறு நோய்க்காக நாய் தின்னும் மாத்திரைகளின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாங்கொட்டை, சோளக்கட்டை, பிளாஸ்டிக்

மலம் வராததற்கு, செரிக்காத ஒரு பொருள் குடலில் சிக்கியிருப்பதும் காரணமாகலாம். சித்திரை முதல் ஆனி வரை மாம்பழக் காலம். மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும் நிறைந்த இந்த மாவட்டத்தில் நாய் சூப்பி விழுங்கிய மாங்கொட்டை சிறுகுடலில் அடைத்துக்கொள்ளக்கூடும். கொட்டை செரிக்காது, வளையாது. நடுத்தர நாயின் குடலுக்கு அது பெரிது. சாலையோரம் சுட்டு விற்கும் மக்காச்சோளத்தின் மணி உதிர்ந்த நடுக்கட்டையும் அப்படியே. கறிக்குழம்பு வாசனைக்காக நாய் மென்று விழுங்கும் பார்சல் கவர், பிரியாணியைச் சுற்றிய தாள், சாக்குநூல், சாக்ஸ் ஆகியவையும் அடைப்பவை. நீளமான நூல் விழுங்கப்பட்டால் குடல் அதன்மேல் சுருங்கிக் கோத்து அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தாலும் இழுக்கக் கூடாது.

அடைப்பில் நாய் மலம் கழிக்காமல் இருப்பதோடு வாந்தியும் எடுக்கும், தீனியைத் தொடாது, வயிற்றைத் தொடவிடாது. வெறும் மலச்சிக்கலிலிருந்து இதைப் பிரிக்கும் முக்கிய அடையாளம் வாந்தி. இங்கே பேதி மருந்தோ எனிமாவோ கொடுத்தால் குடல் கிழியக்கூடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

நாய் சுறுசுறுப்பாக இருந்து, தின்று, வாந்தி எடுக்காமல், ஒரு நாள் மட்டும் மலம் தள்ளிப்போயிருந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம்.

தீனியை ஈரமாக்குவதே முதல் வேலை. உலர் தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். சோற்றையும் களியையும் சாறு விட்டுக் குழைக்க வேண்டும். எலும்பை அறவே நிறுத்த வேண்டும்.

அடுத்தது நார். மஞ்சள் பூசணி எனப்படும் பரங்கிக்காயை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து மசித்து, சிறு நாய்க்கு ஒரு மேசைக்கரண்டியும் பெரிய நாய்க்கு மூன்று நான்கும் தீனியில் கலக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் உமியை 10 கிலோ எடைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் நீரில் நன்கு கரைத்துத் தீனியில் சேர்க்கலாம். நாய் தண்ணீர் குடிக்காத நிலையில் இசப்கோல் கொடுக்கக் கூடாது. அது உள்ளே கட்டியாகிவிடும்.

மூன்றாவது நடை. காலை, மாலை இருவேளையும் இருபது முப்பது நிமிடம் நடத்தி, நாய் மோப்பம் பிடித்து இடம் தேட அவகாசம் தர வேண்டும்.

இவ்வளவும் செய்து, மலம் வராமல் 48 மணி நேரம் கடந்துவிட்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

செய்யக் கூடாதவை

விளக்கெண்ணெய் புகட்டுவது பழைய பழக்கம். அது குடலை முறுக்கி வலி உண்டாக்கும், உடல் நீரை இழக்கச் செய்யும். பாரஃபின் எண்ணெயை வாயில் ஊற்றினால் சுவையற்ற அந்த எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவுக்கு வழிசெய்யும். குழந்தைக்குச் செய்வதுபோல் வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைப்பது அங்குள்ள மென்மையான சவ்வைப் புண்ணாக்கும். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமா சிறிய நாயின் ரத்த உப்புகளைக் குலைத்து உயிரையே பறிக்கக்கூடும். முக்கும் வலிக்கு என்று டைக்ளோபினாக், இபுபுரூஃபன், பாராசிட்டமால் மாத்திரைகளைக் கொடுப்பதும் ஆபத்து. இவை நாயின் வயிற்றையோ சிறுநீரகத்தையோ கல்லீரலையோ கெடுக்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• மலம் வராததோடு திரும்பத் திரும்ப வாந்தி
• வயிறு உப்பி இறுகுதல், வாந்திக்கு முயன்று ஒன்றும் வராமை
• சிறுநீர் போகாமை
• மலத்தில் நிறைய ரத்தம், அல்லது தார்போல் கறுத்த மலம்
• ஈறு வெளுத்தோ உலர்ந்தோ இருத்தல். பிடித்து விட்ட தோல் உடனே படியாமை
• பின்னங்கால் தள்ளாட்டம்
• காய்ச்சல்; நாயின் இயல்பான வெப்பம் 100 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை
• குட்டி, சினை நாய், கிழட்டு நாய் ஆகியவற்றுக்கு எந்த அறிகுறியானாலும்

மருத்துவமனையில் நடப்பவை

மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்; கையுறை அணிந்து மலக்குடலில் விரல்விட்டு புராஸ்டேட், இடுப்பெலும்பு, ஆசனப் பைகள் ஆகியவற்றைச் சோதிப்பார். தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. உடல் உலர்ந்திருந்தால் முதலில் ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றப்படும். பிறகு வெதுவெதுப்பான நீரால் எனிமா. இறுகிய மலம் அதற்கும் அசையாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துக் கையால் எடுப்பார்கள். தொடர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் லாக்டுலோஸ் மருந்தை எழுதித் தருவார்கள். அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். அளவை எடைக்கேற்ப மருத்துவரே சொல்ல வேண்டும், மிஞ்சினால் கழிச்சலாகும்.

போகும்போது மலத்தின் படம், கடைசியாகக் கழித்த நேரம், தின்ற பொருட்களின் விவரம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோனால் நோயறிதல் விரைவாகும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலேயே முதற்கட்டச் சிகிச்சையைப் பெறலாம். பெரிய அறுவை சிகிச்சைக்கு இரண்டு கல்வி நிறுவனங்கள் எட்டும் தூரத்தில் உள்ளன: 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1958இல் தொடங்கிய பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியும். ஓசூர்க்காரர்களுக்கு ஹெப்பாள் அருகில் என்றாலும் பெங்களூரு நகரைக் கடந்துதான் போக வேண்டும். நேரம் தவறினால் உயிர் போகும் நிலையில் உள்ளூர் மருத்துவர் முதலுதவி செய்த பிறகே நாயை அங்கே கொண்டுபோவது பாதுகாப்பு.

கழிச்சல், பார்வோ, புழு

கழிச்சலும் மலச்சிக்கலும் பெரும்பாலும் ஒரே உணவுப் பழக்கத்தின் இரு முகங்கள். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குப் பால்சோறு கழிச்சலைத் தரும். விருந்து மிச்சத்தின் எண்ணெயும் கொழுப்பும் கணையத்தை வீங்க வைக்கும். வெங்காயம், பூண்டு ரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலோ, நுரை பொங்கி வரும் நாட்களில் ஓசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையின் தென்பெண்ணை நீரிலோ நாயைக் குடிக்க விடக் கூடாது. உற்சாகம் குறையாத வளர்ந்த நாய்க்கு ஓரிரு முறை கழிந்தால், குழைந்த சோற்றில் வேகவைத்த கோழிக்கறி சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மனிதர்களுக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

குட்டிக்கு ரத்தக் கழிச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பார்வோ என்றே கருதி அந்த மணி நேரமே மருத்துவரிடம் போக வேண்டும். 1978இல் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட்டு முடிப்பதே காப்பு.

உருண்டைப் புழுக்கள் மிகுந்தால் குட்டியின் வயிறு பானையாகும். குடலையே அடைத்துவிடவும் கூடும். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி மலத்தைக் கறுப்பாக்கும். அரிசி மணிபோல மலத்தில் நெளிபவை தெள்ளுப்பூச்சி மூலம் வரும் நாடாப்புழுவின் துண்டுகள். புழு மருந்தோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தால்தான் அது தீரும். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறையும், எட்டு வாரத்துக்குப் பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும்.

வயிறு உப்பிப் புரளுதல்

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, தன் அச்சிலேயே திருகிக்கொள்வதுண்டு. நாய் நிலைகொள்ளாமல் அலையும், எச்சில் ஒழுகும், வாந்திக்கு முயன்றும் நுரை மட்டும் வரும், விலாவுக்குப் பின்னே வயிறு மத்தளமாகும். சில மணி நேரத்தில் உயிர் போகும் இந்த நிலையை அஜீரணம் என்று எண்ணி ஓமத்தண்ணீர் புகட்டிக் காத்திருக்கக் கூடாது. ஒரே வேளையில் முழுத் தீனியையும் வைப்பதற்குப் பதில் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைப்பதும், அவசரமாக விழுங்கும் நாய்க்கு அகன்ற தட்டில் பரப்பி வைப்பதும், தின்ற பின் ஒரு மணி நேரம் ஓட விடாமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

தடுப்பு முறை

நாள்தோறும் ஒரே நேரத்தில் ஈரமான தீனி, எப்போதும் நிறைந்த தண்ணீர்க் கிண்ணம், இருவேளை நடை. வாரம் ஒருமுறை வாலடியைப் பார்த்து முடியை ஒதுக்குதல். மாதம் ஒருமுறை எடை. காலாண்டுக்கு ஒருமுறை புழு மருந்து. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், மருத்துவர் சொல்லும் தடுப்பூசியும். குப்பைக்கூடையை மூடி வைப்பதும், மாம்பழக் காலத்தில் கொட்டைகளை நாய்க்கு எட்டாமல் அப்புறப்படுத்துவதும் இதில் சேரும். இனப்பெருக்கத்துக்கு வைக்காத ஆண் நாய்க்கு உரிய வயதில் கருத்தடை செய்வது புராஸ்டேட் வீக்கத்தையும், அதனால் முதுமையில் வரும் மலச்சிக்கலையும் தடுக்கும்.